எட்டரை

மதியம் இரண்டரைக்கு நாக்கைக் காலிசெய்கிறேன்.
ஒரு துண்டு பாகெத், அரை டம்ளர் வெந்நீர்.
காலையிலிருந்து வெங்காயம் இல்லை,
தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர்கூட இல்லை.
மூக்குக்கு விரதம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்கவில்லை.

புஸ்ஸி வீதியில் லூர்துநாதனின் இறக்குமதிக் கடை.
பின்னறையில் ஏ.சி. பதினாறில்.
ஆறு கண்ணாடிகள், ஆறு எண்கள்,
துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் வாளி.
சிப்காட் சாயக் கம்பெனி ஆய்வகத்தில்
ஏழு வருஷம் கசிவை மோப்பம் பிடித்த மூக்கு இது.
அங்கே வாசம் வந்தால் ஓட வேண்டும்.
இங்கே உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஒன்று. செக் நாட்டுப் பொன்னிறம்.
நுரை விரற்கடை உயரம் நிற்கிறது.
அறுத்த புல், ரொட்டியின் மேலோடு,
கடைசியில் வேப்பங்கொழுந்து மென்றதுபோல ஒரு சுத்தம்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
அதனால் ஏழு.

இரண்டு. ஜெர்மன்காரர்கள்
உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்கவைத்தது.
வாயில் வைத்ததும் சிரித்துவிட்டேன்.
தாளிக்காத ரசம்.
"அப்படி எழுதிடாதம்மா," என்றார் லூர்துநாதன்,
"ஐந்நூற்றெண்பது ரூபாய்க்கு எவன் ரசம் வாங்குவான்?
கிரேப்ஃப்ரூட்னு போடு."
கிரேப்ஃப்ரூட்டை நான் பார்த்ததில்லை.
பம்பளிமாஸ் தெரியும்.
தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும்
வெள்ளைப் பஞ்சின் கசப்பு தெரியும்.
கிரேப்ஃப்ரூட் என்று போட்டேன்.

மூன்று. புகையில் வாட்டிய மால்ட்.
போகிக்கு மறுநாள் காலை,
தண்ணீர் ஊற்றி அணைத்த கோரைப்பாய்.
அதையும் எழுதவில்லை.

நான்கு. பெல்ஜியம்.
கொதித்த சாற்றைத் திறந்த தொட்டியில் விட்டுவிட்டு
காற்றில் வரும் ஈஸ்டுக்காக இரவெல்லாம் காத்திருப்பார்களாம்.
சிலந்தியைக்கூட விரட்ட மாட்டார்களாம்.
அப்புறம் மூன்று வருஷம் மரப்பீப்பாயில்.
இந்த வாசத்துக்குக் குதிரைப் போர்வை என்று பெயர்.
குதிரைக்குப் போர்வை போர்த்துவார்கள் என்பதே
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.
எனக்கு வந்தது வேறு.
மே மாதம், பண்ருட்டி போகிற வழி,
கொட்டையைத் திருகிக்கொண்டு வீசிய முந்திரிப்பழங்கள்
மண்ணில் கிடக்கும் மூன்றாம் நாள்.
ஈயும் தேனும் சாராயமும் ஒன்றாகிற நாற்றம்.
தொண்டையைக் கவ்வும் அதே துவர்ப்பு.
துப்ப வேண்டிய வாய் விழுங்கிவிட்டது.

"எவ்வளவு?"
"ஒன்பது."
குதிரைப் போர்வை என்று எழுதினேன்.

ஐந்து கருப்பட்டி.
ஆறு கெட்டுவிட்டது: நனைந்த அட்டைப்பெட்டி.
"கப்பல்ல வந்த சரக்கு, கெடாது," என்கிறார்.
மூடியைத் திருப்பிக் காட்டினேன், துரு.
அந்தப் பக்கத்துக்குக் காசு இல்லை.

ஆறரை கடலூர் பஸ்.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டைச் சாவடியில்
கான்ஸ்டபிள் பூங்கோதை ஏறுகிறார்.
பின்சீட்டுக்காரனின் கெண்டைக்காலில்
டேப் சுற்றிய இரண்டு குவார்ட்டர்.
அவனை இறக்கிவிட்டு என்னிடம் வந்து நின்றார்.
குனிந்தார்.
"குடிச்சிருக்கியா?"
"ருசி பார்த்தேன். வேலை அதான்."
பையில் குடை, டிபன் பாக்ஸ், நோட்டு.
டார்ச் அடித்து, உதடு அசைய வாசித்தார்.
"குதிரைப் போர்வையா? அதுக்கு ஒன்பது மார்க்கா?"
கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.
"நெசமா எப்படி இருக்கும்?"

சொன்னேன்.
முந்திரித் தோப்பு, மே மாதம், மூன்றாம் நாள்.

"நடுவீரப்பட்டு எனக்கு.
வீட்டுக்குப் பின்னாடி அந்த நாத்தம்தான்.
யூனிபார்ம் துவைச்சுக் காயப்போட்டா அதுலயும் ஏறிக்கும்."
நோட்டை மூடி மடியில் வைத்தார்.
"ஒன்பதெல்லாம் ஜாஸ்தி."

கெடிலம் பாலம் வருவதற்குள்
ஒன்பதை அடித்து எட்டரை போட்டேன்.
போர்வையையும் அடித்தேன்.
பஸ் குலுங்கியதில்
குதிரை மட்டும் அப்படியே நிற்கிறது,
பக்கத்தில் முந்திரி என்று எழுத
இடம் இருக்கிறது.